சேவுகனைத் தாண்டிய விதம்

காபி நன்றாக இருக்கிறது, ஏட்டையா. இங்கே இவ்வளவு நல்ல காபி தருவார்கள் என்று தெரிந்திருந்தால், ஏதாவது சில்லறைக் குற்றமாகப் பார்த்துச் செய்துவிட்டு அடிக்கடி வந்துபோயிருப்பேன். டம்ளரை ஓரமாக வைக்கிறேன். நீங்கள் எழுதுவதற்கு இடம் வேண்டும்.

நான் வந்திருப்பது ஒரு பிழையைத் திருத்த. செக்காலைப் பொட்டலில் பந்தாடும்போது, சுண்ணாம்புக் குழியில் விழப்போன மச்சானைக் காப்பாற்றப் போய்ச் சேவுகன் தானே விழுந்துவிட்டான் என்று நீங்கள் எழுதிவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊரும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறது. அந்த மச்சான் நான்தான். பெயர் பொன்னழகு, பூர்வீகம் நாச்சியாபுரம். என்னை யாரும் காப்பாற்றவில்லை. எனக்கு அப்படியொரு தேவையும் ஏற்படவில்லை. அங்கே நடந்தது முழுக்க என் வேலை. ஒருவன் பாடுபட்டுச் செய்த காரியத்தை இன்னொருவன் பெயரில் எழுதுவது நியாயமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

காரைக்குடியில் நான் காவல் இருக்கும் வீடு உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் அப்பச்சி, அவர் குடும்பம் மொத்தமும் பினாங்கில் இருக்கிறது. சாமி அறையில் விளக்கேற்றுவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, வீடு இன்னும் வௌவால்களுக்குச் சொந்தமாகவில்லை என்று அவற்றுக்கு ஞாபகப்படுத்துவது, இவைதான் என் உத்தியோகம். சம்பளம் வாங்கிக்கொண்டு சோம்பேறியாக இருப்பதற்கும் ஒரு தனித்திறமை வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருந்தது.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்த கையோடு பக்கத்து வீட்டுத் தேனப்பன் ஊருக்கு வந்தார். பெட்டியில் ஒரு தோல் பந்தும் ஒரு விசிலும் இருந்தன. பினாங்கில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் ஆண்டவன் அவருடைய உடம்பை ஓடுவதற்காகச் செய்யவில்லை. விசில் ஊதினாலே மூச்சு வாங்கும். ஆகையால் எங்களை ஓடவிட்டார். சாயங்காலம் பொட்டலில் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் பந்து என்னிடம் வந்துவிடும், ஊரிலேயே கெட்டியான பூட்டு என் காவலில் இருக்கும் வீட்டுப் பூட்டு என்பதால்.

வித்தைகளைத் தேனப்பன் வெற்றிலைப் பெட்டியை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். பெட்டிதான் எதிரில் தடுக்க நிற்பவன், கொட்டைப்பாக்குதான் பந்து, அவருடைய இரண்டு விரல்கள்தான் நான். ஒரு விரலைப் பாக்குக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய்த் தொடாமலே அப்பால் ஊன்றுவார். இன்னொரு விரலால் பாக்கைப் பின்னுக்கு இழுப்பார். மணிக்கட்டை ஒரு பக்கம் சாய்த்து மறு பக்கம் போவார். "பாத்தியாப்பா, பெட்டி அங்குட்டே நிக்கிது, நாம இங்குட்டுப் போயிட்டோம்" என்பார். பிறகு பந்தை எடுத்து, அதாவது பாக்கை எடுத்து, வாயில் போட்டுக்கொள்வார். அத்துடன் அன்றைய பாடம் முடிந்துவிடும்.

நான் அதை வீட்டுக்குள் பழகினேன். மதியவேளையில் தலைவாசலைச் சாத்திவிட்டால் முற்றத்தைச் சுற்றியுள்ள அந்த வளவில் யாரும் வரப்போவதில்லை. பர்மாத் தேக்குத் தூண்கள் சம இடைவெளியில் வரிசையாக நிற்கும். அவற்றில் எனக்குப் பிடித்தது, அவை கேலி செய்வதில்லை. நான் தடுக்கி விழுந்தபோதும், கட்டைவிரல் நகம் பெயர்ந்து குழந்தையைப்போல் அழுதபோதும், கௌரவமாக மேலே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு தூணுக்கு ஒரு வித்தை என்று பழகினேன். இடது கைப் பக்கம் முற்றம், ஒரு படி பள்ளம். அந்தப் பக்கம் திரும்பினால் பல் போகும். ஒன்று போயும் போனது. இதோ, இந்த இடம். அதனால் எத்தனை விதமாக இடது பக்கம் பாசாங்கு காட்டினாலும் முடிவில் வலது பக்கம்தான் திரும்பியாக வேண்டும்.

கூடத்திலிருந்த பெல்ஜியம் கண்ணாடி உடைந்தது அப்போதுதான். பூனை தள்ளிவிட்டதாகப் பினாங்கிலிருக்கும் வீட்டு ஆச்சிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதன் பேரில் ஒரு பழி இருக்க வேண்டாம்.

தூணைத் தாண்டிப் பழகியவனுக்கு மனிதனைத் தாண்டுவது கேவலமான அளவுக்குச் சுலபம். தூண் எதையும் நம்பாது. மனிதன் நம்புவான். தோளைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், நீ அந்தப் பக்கம்தான் போகிறாய் என்று அவனே முடிவு கட்டி, உனக்கு முன்னால் அங்கே ஓடிப்போய் நிற்பான். மாயக்கண்ணன் என்று ஒரு மாட்டுத் தரகன் தடுப்பதற்கு நிற்பான். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்கிற கெட்டிக்காரன். என் காலைப் பார்த்து ஒருமுறைகூட அவனால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை. நான் தோளைச் சாய்த்தால் அவன் முழு உடம்பையும் சாய்த்து, சரளையில் உட்கார்ந்துவிடுவான். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே, "என்னண்ணே, காலா அது? சாரைப்பாம்புல்ல" என்று சிரிப்பான். தோற்றதுகூடத் தெரியாதவர்களைத் தோற்கடித்துக்கொண்டிருப்பது, உங்களிடம் சொல்வதற்கென்ன, சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டு அது சாப்பிட்டதற்கு நாம் ஏப்பம் விடுவதைப்போல. ஆனாலும் விட்டேன். சுகமாகத்தான் இருந்தது.

பிறகு சேவுகன் வந்தான்.

சேவுகன் என் தங்கை சிட்டாளின் புருஷன். ரப்பர் விலை விழுந்த பிறகும் கட்டுவதை நிறுத்தாத ஒரு குடும்பத்தின் புது வீடு பொட்டலை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கிறதே, அங்கே சுண்ணாம்பு வேலை. ஒருநாள் முழங்கால்வரை வெள்ளையாக வந்து, "நானும் நிக்கவா?" என்று தேனப்பனிடம் கேட்டான். மாயக்கண்ணனுக்குப் பதிலாக நிற்கச் சொன்னார். பந்து எனக்கு வந்தது. எனக்கு அவன்மேல் இரக்கமாகக்கூட இருந்தது, வீட்டு மாப்பிள்ளையாயிற்றே என்று.

"வாங்க மச்சான்" என்றான்.

போனேன். காலைச் சுற்றினேன், தோளைச் சாய்த்தேன், வலது பக்கம் திரும்பினேன். பந்து என்னோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவன் உள்ளங்காலுக்குக் கீழே இருந்தது.

பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை, ஏட்டையா. அவன் அதைத் திரும்ப என் காலுக்கே உருட்டிவிட்டான். "இந்தாங்க மச்சான். கால்ல சரளை உறுத்திருச்சுபோல. இன்னொரு தரம் வாங்க."

இன்னொரு தரமும் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரம். ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு அதே பந்து திரும்பி வந்தது. மாயக்கண்ணன் ஓரத்தில் குந்திக்கொண்டு, "என்னண்ணே, தங்கச்சி புருசன்னு விட்டுக்குடுக்குறீகளோ?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இந்த வாக்குமூலத்தில் வெட்கப்பட வேண்டிய பொய் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. கறிக்குழம்பு. பாதிச் சோற்றில் அவனிடம் பட்டும்படாமலும் கேட்டேன், "ஏன் மாப்ள, என்னைய மட்டும் எப்பிடிப் பிடிக்கிற?"

"கோவிச்சுக்கக் கூடாது மச்சான்" என்றான். "நீங்க எம்புட்டு வித்தை காட்டுனாலும் கடைசியில வலது பக்கந்தேன் திரும்புறீக. அதுவும் அளந்து வச்ச மாதிரி ஒரே தூரத்துல. எதுக்க நிக்கிறது மனுசனா தூணான்னு நீங்க பாக்குறதே இல்ல."

சிட்டாள் கரண்டியோடு நின்று சிரித்தாள். "அண்ணனுக்குச் சின்னதுலருந்தே அப்பிடித்தான். எதுக்க வர்ற ஆளு மூஞ்சிய ஏறிட்டே பாக்காது. ஒருநா எங்க அப்பாவவே யாரோன்னு தாண்டிப் போயிருச்சு."

"சும்மா இரு புள்ள. மச்சான் சாப்புடட்டும்" என்று அவன் அவளை அடக்கினான். எனக்காக அடக்கினான். அதைக் கவனியுங்கள்.

நான் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக வைத்திருந்தாள். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது முடிவு செய்துவிட்டேன்.

அதைச் செய்வதற்கு முன்னால் நேர்மையான வழியையும் முயன்று பார்த்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் திரும்பிப் பழகினேன். முடியவில்லை. பரந்த பொட்டலில் நிற்கும்போதுகூட, மூளை இடது என்றால் கால் முற்றம் என்றது. இதற்குள் தேனப்பனுக்குக் கப்பல் தேதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம், ஞாயிறு அவருக்குப் பயணம். பந்தும் விசிலும் அவரோடு போய்விடும். அதற்குமேல் நான் சாகிறவரை சேவுகனைத் தாண்டாதவன். அவனும் அதை ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டான். பேரப்பிள்ளைகளிடம்கூட, மச்சான் நன்றாக ஆடுவார் என்றுதான் சொல்வான். என்னால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

குழி பொட்டலின் இடது ஓரத்தில், கோல் கம்பங்களுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒரு ஆள் இடுப்பளவு ஆழம். வெள்ளிக்கிழமை காலையில் கல்லல் சூளையிலிருந்து சுட்ட கிளிஞ்சல் வண்டி வண்டியாக வந்தது. அதைக் கொட்டித் தண்ணீர் விட்டதே சேவுகன்தான். தண்ணீர் பட்டதும் அது சீறிக்கொண்டு கொதிக்கும், பொழுதுக்கும் அடங்காது. சூடு போய்விடாமல் மேலே மணலைத் தூவி மூடுவது கொத்தனார்கள் வழக்கம். மூடிவிட்டால் அதுவும் பொட்டலும் ஒன்றுதான். அதனால் சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருப்பார்கள். எங்களுக்கும் அந்த முள்தான் அந்தப் பக்கத்து எல்லை. சேவுகன் என் இடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பின்வாங்கிப் பின்வாங்கித் தடுப்பான். கெண்டைக்காலில் முள் உறுத்தினால் எல்லை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வான். திரும்பியே பார்க்க மாட்டான்.

கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பொட்டல் பக்கம் இருந்த முள்ளை மட்டும் எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. ஆடு இழுத்துப் போட்டிருக்கும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களாம். ஆடு கருவேலங்காயைத் தின்னும், ஏட்டையா. முள்ளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் அடுக்கிவைக்காது. கையில் நன்றாகக் குத்திவிட்டது. பாருங்கள், இன்னும் ஆறவில்லை.

ஆடு என்றதும் ஞாபகம் வருகிறது. நான் கிளம்பும்போது ஒரு வெள்ளாட்டுக்குட்டி குழியை நோக்கி வந்தது. விரட்டினேன், போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாயிடம் விட்டுவிட்டு வந்தேன். வாயில்லாத ஜீவன் துடிப்பதை என்னால் பார்க்க முடியாது.

சாயங்காலம் நல்ல கூட்டம். தேனப்பன் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு விசிலோடு நின்றார். மாயக்கண்ணன், "சேவுகா, இன்னைக்காச்சும் மச்சானுக்கு வழி விடுப்பா, கப்பலேறப் போற மனுசன் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சேவுகன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அவென் கெடக்கான், நீங்க வாங்க மச்சான்" என்றான்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் பந்து எனக்கு வசமாக வந்தது. நான் இடது ஓரமாகவே கொண்டுபோனேன். அவன் வழக்கம்போல் பின்வாங்கினான். காலைச் சுற்றினேன். பின்னுக்கு இழுத்தேன். பிறகு தோளோடு இடுப்பையும் கண்ணையும் சேர்த்து இடது பக்கம் கொடுத்தேன். தேனப்பன் வெற்றிலைப் பெட்டிக்கு முன்னால்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்து காட்டியதில்லை. இத்தனை மாதமும் அவன் அசையாத இடம் அது.

அன்றைக்கு அசைந்தான். "மச்சான், குழி, முள்ளு இல்ல" என்று ஒரு கத்தல். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எனக்கும் குழிக்கும் நடுவே பாய்ந்தான். நான் வலது பக்கம் திரும்பினேன். அவன் கை என் தோளை உரசிக்கொண்டு போனது. அவ்வளவுதான். நான் அவனைத் தொடக்கூட இல்லை. ஆட்ட விதிப்படி அதில் ஒரு குற்றமும் கிடையாது.

முன்னால் யாரும் இல்லை. கோல் காப்பவன்கூடக் குழியைப் பார்த்து ஓடிவிட்டான். நான் பந்தை நடந்தே கொண்டுபோய் உள்ளே தட்டினேன். விசில் ஊதுகிறவரை ஆட்டம் நடக்கிறது என்று தேனப்பன்தான் சொல்லிக்கொடுத்தார். விசில் ஊதவில்லை. அவர் வாயிலிருந்து அது விழுந்து, சரளையில் கிடந்தது.

அந்தக் கோலை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அத்தனை கூட்டத்தில் ஒரு ஆள்கூட.

அவனைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீராக ஊற்றினார்கள். நான் பந்தை இடுக்கிக்கொண்டு போய்ச் சேரும்போது அவன் முகத்தில் ஈரத்துணியைப் போட்டிருந்தார்கள். சிட்டாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அவனைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாச்சும் முழுசா இருக்கியேண்ணே. ஒன்னையக் காப்பாத்தத்தானே போனாக." இப்படித்தான் அது ஆரம்பித்தது. மறுநாள் மாயக்கண்ணன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்து, எனக்கு இது மறுபிறவி என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டான். தேனப்பன் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, சேவுகனைப் போன்ற மனிதனைக் கடல்கடந்தும் பார்த்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் தெருவில் போனால், அதோ சேவுகன் காப்பாற்றிய ஆள் போகிறான் என்கிறார்கள். இத்தனை பாடுபட்டு, நகம் பெயர்ந்து, பல்லைத் தொலைத்து, கடைசியில் நான் ஆனது அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் போகிறேன். கால் ஆறிவிடும், கண் இரண்டும் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். சிட்டாள் ஊட்டினால் பாதி சிந்திவிடுகிறது. நான் ஊட்டும்போது சிந்தாது. ஸ்பூனை ஒரு பக்கம் காட்டி மறு பக்கம் கொண்டுபோவதெல்லாம் கிடையாது. ஆட்டம் வேறு, சாப்பாடு வேறு. அவனுக்கு நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மச்சான் விழுகலையே?" என்பதுதான் என்று நர்ஸ் சொன்னாள். அவளும் ஊரோடு சேர்ந்துவிட்டாள்.

இன்று காலையில் வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நான் நேராகவே கேட்டேன். "மாப்ள, ஒன்னு கேட்டா மறைக்காமச் சொல்லணும். அன்னைக்கு நான் எங்குட்டுப் போவேன்னு நெனச்ச?"

அவன் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினான். சரியாக என் பக்கம். அதை எப்படிச் செய்கிறான் என்று தெரியவில்லை.

"வலது பக்கந்தேன்" என்றான். "நீங்க என்னைக்கு இடது பக்கம் போயிருக்கீக. ஆனா முள்ளக் காணோமே. ஒருக்கா, ஒரே ஒருக்கா, நீங்க திரும்பாமப் போயிட்டீகன்னா?" பிறகு, "முள்ள யாரு எடுத்தான்னு யாராச்சும் கேட்டா, நான்தேன் மறந்துட்டேன்னு சொல்லிருங்க மச்சான். ஒங்க கையி வேற காயமா இருக்கு" என்றான். ஊட்டும்போது தடவிப் பார்த்திருக்கிறான்.

மீதிக் கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, நேராக இங்கேதான் வருகிறேன்.

உடம்பு நோகிறவன் ஆயிரம் சொல்வான், ஏட்டையா. அவன் சுபாவமே அப்படி. பந்தை என் காலுக்கே உருட்டிவிட்ட மாதிரி இதையும் உருட்டிவிடப் பார்க்கிறான். நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். முள்ளை எடுத்தது நான். அவனை அந்தப் பக்கம் அனுப்பியது நான். எத்தனை வருஷம் போடுகிறார்களோ போடட்டும், அது பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

ஏன் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்? மை தீர்ந்துவிட்டதா? ஒரே ஒரு வரிதான் பாக்கி. சேவுகன் தெரிந்தே போனான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தெரிந்தும் ஒருவன் அந்தப் பக்கம் போவானா, ஏட்டையா? ஏமாந்தான் என்றே எழுதுங்கள்.